மணிக்கட்டில் மஞ்சள் துணி: கடற்கரை மருத்துவமனையில் ஓர் ஒத்திகை

காலை 6.40. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியிலிருந்து வாடகைக் கார் புறப்பட்டது. போக வர இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய், ஓட்டுநர் படி தனி என்று முதல் நாளே பேசி முடித்திருந்தேன். புரட்டாசியின் கடைசி வியாழன். வானம் வெளுத்துக் கிடந்தது. மழைக்கான அறிகுறி ஒன்றும் இல்லை. ஆனால் நான் சென்ற காரியம் மழையைப் பற்றியது.

அந்தக் காரியம் இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுவது முறை. முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பணியில் அறுவைச் சிகிச்சை மருத்துவனாக இருந்தவன் நான். கஜா புயலுக்கு மறுநாள், தகரம் வெட்டியும் ஓடு விழுந்தும் வந்து குவிந்த உடம்புகளுக்கிடையே யாரை முதலில் தொடுவது என்று தெரியாமல் ஒரு மருத்துவமனையே திகைத்து நின்றதைக் கண்டேன். ஓய்வு பெறுவதற்குள் நாற்பது பக்கத்தில் ஒரு திட்டம் எழுதினேன். அதன் உயிர்நாடி ஒரு ரிப்பன். வாசலில் நிற்கும் செவிலியர், வருகிறவரை அரை நிமிடம் பார்த்து அவர் மணிக்கட்டில் ஒரு நிறத்தைக் கட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே உள்ளே. மஞ்சள் என்றால் சற்றுப் பொறுக்கலாம். பச்சை என்றால் நடக்கக்கூடியவர். கறுப்பு என்றால் இறந்தவர். பிற இடங்களில் அச்சடித்த அட்டை கட்டுவார்கள். மழையில் அது கூழாகிவிடும், ரிப்பனோ எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் என்பது என் வாதம். அந்த வாதத்துக்குப் பாராட்டுச் சான்றிதழ் தந்தார்கள். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன், மறைப்பதற்கில்லை.

சில ஆண்டுகள் கோப்பில் கிடந்த அத்திட்டத்தை இப்போது ஒரு கடற்கரை மருத்துவமனையில் ஒத்திகை பார்க்கப் போகிறார்கள். ஒத்திகை தேறினால் பருவமழைக்கு முன்பாகவே மாவட்டத்தின் கடலோர மருத்துவமனைகள் அனைத்திலும் அது நடைமுறைக்கு வரும். தேறாவிட்டால் மீண்டும் கோப்புக்கே போகும், என் பெயரோடு. தேறியதா என்று எழுதிக் கையெழுத்திட வேண்டிய பார்வையாளனும் நானே. எழுதியவனே நடுவராவது முறையா என்று சுகாதார அலுவலகத்தில் கேட்டேன். "அந்த நாப்பது பக்கத்தையும் வேற யாரு சார் படிச்சிருக்கா?" என்று கேட்டார் அங்கிருந்த அதிகாரி. பார்வையாளர் படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

காலை 7.40. வல்லத்திராக்கோட்டை, அழியாநிலை வழியாக அறந்தாங்கி. ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். பேருந்து நிலையத்துக்கு அருகில் தேநீர். குவளை பதினைந்து ரூபாய். ஓட்டுநர் ஆரோக்கியசாமி அன்னவாசல்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். முன்னொரு காலத்தில் ஒன்பது ஆண்டுகள் ஆம்புலன்ஸ் ஓட்டியவர் என்பது தேநீரின்போதுதான் தெரிந்தது.

"சார், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க."

"கேளுங்கள்."

"ஒங்க திட்டத்துல ஆம்புலன்ஸ் வருது, வாசல்ல நர்ஸம்மா நிக்கிறாங்க. சரி. நம்ம சனம் ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் எங்க சார் நிக்கும்? குட்டியானையில தூக்கிப் போட்டுக்கிட்டு, ஊரே கூட ஏறிக்கிட்டு, எந்த கேட்டு தெறந்து கெடக்கோ அங்கிட்டு பூந்துருவாய்ங்க."

குட்டியானை என்று அவர் சொன்னது சிறிய சரக்கு வேனை. எங்கள் பக்கத்தில் நெல் மூட்டையும் கல்யாணக் கூட்டமும் அடிபட்டவரும் அதில்தான் பயணம் செய்கிறார்கள்.

"அதற்குப் பன்னிரண்டாம் பக்கத்தில் வழி சொல்லியிருக்கிறேன்" என்றேன்.

"அவிங்களும் அந்தப் பக்கத்த படிச்சிருக்கணுமே சார்" என்று சொல்லிவிட்டுக் குவளையை வைத்தார்.

காலை 8.15. நாகுடியைத் தாண்டியதும் கல்லணைக் கால்வாயின் கடைமடை வயல்கள். நேரடி விதைப்பு முடிந்த சில வயல்கள் பச்சை காட்டத் தொடங்கியிருந்தன. மற்றவை தண்ணீருக்குக் காத்திருந்தன. அதன் பிறகு சீமைக்கருவேலம், அதன் பிறகு உப்புக் காற்று. கட்டுமாவடியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பினோம். சாலையோரத்தில் தார்ப்பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். புயலில் தலை முறிந்த தென்னைகள் சில இன்னும் தூண்களாக நிற்கின்றன. வெட்டுகிற கூலிக்கு அவை பெறாது என்றார் ஆரோக்கியசாமி.

காலை 9.05. மருத்துவமனை. அதன் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன். இந்தக் கட்டுரையில் குறையென்று வரும் எதுவும் அந்த மருத்துவமனையின் குறை அல்ல என்பதே காரணம்.

தலைமை மருத்துவர் பர்வீன், ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சி மருத்துவராக இருந்தவர். அவர் காட்டிய ஏற்பாடுகளில் பழுது காண இயலவில்லை. ஜெனரேட்டரை என் எதிரிலேயே ஓட விட்டார்கள். பன்னிரண்டு விநாடியில் விளக்கு எரிந்தது. ஆக்சிஜன் உருளைகளைச் சங்கிலியால் சுவரோடு பிணைத்திருந்தார்கள். மருந்துக் கிடங்கின் கீழ்த்தட்டு, வெள்ளம் ஏறினாலும் நனையாதபடி இரண்டடி உயர்த்தப்பட்டிருந்தது. தொலைபேசிக் கோபுரம் சாய்ந்தால் பேசுவதற்குக் காவல் நிலையத்திலிருந்து ஒரு வயர்லெஸ். முன்வாசலில் கயிறு கட்டி ஒரு மேசை. மேசையில் நான்கு நிற ரிப்பன் சுருள்கள். அங்கே மூத்த செவிலியர் ஜெயசீலி நின்றார். பதினான்கு ஆண்டு அனுபவம். வணக்கம் சொன்னாரே தவிர, வந்திருப்பவர் யார் என்பதற்காகத் தம் வேலையை நிறுத்தவில்லை. எனக்கு அது பிடித்தது.

காலை 10.30. ஒத்திகை தொடங்கியது. மீன் ஏலக்கூடத்தின் கூரை புயலில் விழுந்துவிட்டதாகப் பாவனை. மகளிர் குழுவினரும் மீனவர்களுமாக இருபத்துநான்கு பேர் காயம்பட்டவர்களாக நடித்தார்கள். குங்குமத்தை எண்ணெயில் குழைத்து ரத்தம் பூசியிருந்தார்கள். ஒரே ஒரு தடங்கல்: கறுப்பு ரிப்பனைக் கட்டிக்கொள்ள யாரும் முன்வரவில்லை.

"எனக்குக் கறுப்பு வேணாம்மா. தை மாசம் வீட்ல கல்யாணம் வச்சிருக்கேன்" என்று ஒரு பெண்மணி கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

தாடி வைத்த முதிய மீனவர் ஒருவர் முன்னால் வந்தார். "இங்கிட்டு குடும்மா, நான் செத்துக்கிறேன். சாப்பாடு வர்ற வரைக்கும் யாரும் எழுப்பாதீங்க."

"மாமா வீட்லயும் அதத்தான செய்யிறீக!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. செத்தவரும் சேர்ந்து சிரித்தார்.

நான் குறிப்பேட்டுடன் நடந்தேன். ஒவ்வொருவர் எதிரிலும் நேரமும் நிறமும் எழுதிச் சரியென்று குறியிட்டேன். முதல் இருபது பேருக்கும் ஒரு பிழை கூட இல்லை. மனத்தில் அறிக்கையின் முதல் வாக்கியம் தானாகவே அமைந்துகொண்டிருந்தது.

காலை 11.05. முன்வாசலைக் கயிறு அடைத்திருந்ததால், சமையலறைப் பக்கத்துக் கதவு வழியாக ஒரு குட்டியானை வந்து நின்றது. அதிலிருந்து நாற்பது வயதுள்ள ஒருவரை இறக்கினார்கள். உடம்பில் ரத்தம் இல்லை. வலது மணிக்கட்டில் மஞ்சள் துணி. உடன் வந்த பெண் தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். அந்தக் கதவில் நின்ற பணியாளர் மாரிக்கண்ணு துணியைப் பார்த்தார். திட்டத்தின் கட்டளைப்படி அவரை மஞ்சள் வரிசையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்.

"ஐஸ் கட்டி சரிஞ்சு வயித்துல விழுந்துருச்சுய்யா! யாராச்சும் வந்து பாருங்களேன்!"

"அப்பிடித்தான்க்கா, நல்லாக் கத்துங்க. பெரிய டாக்டரு வந்திருக்காரு, பாக்கட்டும்" என்றார் மாரிக்கண்ணு.

"எதுக்குய்யா கத்தச் சொல்ற? என் புருசன் சாகக் கெடக்காருய்யா!"

அருகிலிருந்த மகளிர் குழுப் பெண்கள் அவள் நடிப்பை வியந்து கை தட்டினார்கள்.

11.08க்கு நான் அவரைக் கடந்தேன். மஞ்சள், வலது கை, வரிசை சரி. குறியிட்டேன். 'உறவினர் நடிப்பு மிக இயல்பு' என்று ஓரத்தில் எழுதினேன். இவ்வரியை அச்சில் காண எனக்கு விருப்பமில்லை. ஆயினும் எழுதியது எழுதியதுதான்.

காலை 11.19. மஞ்சள் வரிசையை எண்ணிக்கொண்டு வந்த ஜெயசீலி நின்றுவிட்டார்.

"சார், எட்டு மஞ்சத்தான கட்டுனேன்? ஒம்போது படுத்திருக்கு."

ஒவ்வொரு கையாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த மனிதரின் கையைத் தொட்டதும் அவர் முகம் மாறியது. குளிர்ந்த, வியர்த்த கை. மணிக்கட்டில் இருந்தது எங்கள் ரிப்பன் அல்ல. மஞ்சளில் நனைத்துக் கிழித்த துணி. அதன் முடிச்சுக்குள் ஒரு நாணயம்.

"இது காசு முடிஞ்ச துணி சார்... டாக்டரம்மா! இது ட்ரில்லு இல்ல! நெசக்கேசு!"

உயிருக்கு ஆபத்து என்று கண்டவுடன் குலதெய்வத்தை வேண்டி, மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து நோயாளியின் கையில் கட்டுவது எங்கள் மாவட்டத்து வழக்கம். வழக்கத்தை அறியாதவன் அல்லன் நான். பணிக்காலத்தில் அறுவை மேசையில் எத்தனையோ கைகளிலிருந்து அந்த முடிச்சை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறேன். அதை வேலைக்கு இடைஞ்சலான ஒரு துணியாக மட்டுமே கண்டேன். வீட்டார் எந்த உடம்பைக் கண்டு மிகவும் அஞ்சுகிறார்களோ அந்த உடம்பில்தான் அது இருக்கும் என்று ஒருநாளும் எண்ணவில்லை. என் திட்டமோ அதே இடத்தில் அதே நிறத்தைக் கண்டால் பொறுத்திருக்கச் சொல்கிறது. எவர் முதலில் உள்ளே போக வேண்டுமோ அவரையே காத்திருக்க வைக்கும் ஏற்பாட்டை என் கையால் எழுதி, சான்றிதழும் பெற்றிருக்கிறேன். பதினான்கு நிமிடங்கள் போயிருந்தன.

அவர் பெயர் காளிமுத்து. படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் தொழிலாளி. மனைவி செல்லக்கண்ணு. வயிற்றில் கை வைத்தேன், பலகையாக இறுகியிருந்தது. நாடி நூற்றுமுப்பது, ரத்த அழுத்தம் எண்பது. ஸ்கேனில் வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருப்பது தெரிந்தது. மண்ணீரல் கிழிந்திருக்க வேண்டும் என்று பர்வீனும் நானும் ஒரே சமயத்தில் சொன்னோம். ஜெயசீலி ஊசி குத்துவதற்கு அந்தக் கையைப் பற்றியபோது செல்லக்கண்ணு குறுக்கே விழுந்தாள்.

"அத மட்டும் அவுத்துராதீங்க தாயி, எங்க அய்யனாருக்கு முடிஞ்சது."

"அவுக்கலக்கா. மேல முழங்கைக்கிட்ட தள்ளிக்கிறேன், பாருங்க" என்றவர் பேசி முடிப்பதற்குள் ஊசி ஏறிவிட்டது.

காலை 11.41. ரத்த வங்கியும் அறுவை அரங்கும் தீவிர சிகிச்சையும் ஒரே இடத்தில் வேண்டும் என்று பர்வீன் முடிவெடுத்தார், ஆகவே புதுக்கோட்டை. ஒத்திகைக்கு வந்து நின்ற ஆம்புலன்ஸே புறப்பட்டது. குங்குமம் பூசியவர்கள் எல்லாரும் எழுந்து நின்று வழிவிட்டார்கள். கறுப்பு ரிப்பன் கட்டிய முதியவர்தான் கயிற்றை அறுத்து வாசலைத் திறந்தார். ஜெயசீலியும் செல்லக்கண்ணுவும் நானும் உள்ளே ஏறினோம். ஆரோக்கியசாமி காரில் பின்தொடர்ந்தார்.

காலையில் வயல்களையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு வந்த அதே சாலையைத் திரும்பும்போது நான் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் ஒரு மனிதரின் உதடும் நகக்கண்ணும். நாகுடி வரும்போது அழுத்தம் எழுபதுக்கு இறங்கியது. இன்னொரு புட்டி சலைன் ஏற்றினோம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த செல்லக்கண்ணு அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான பெரிய டாக்டரு?"

"ஆமாம்."

"அப்பறம் ஏய்யா பாத்துட்டு, நோட்டுல எழுதிக்கிட்டு, அங்கிட்டுப் போயிட்டீக?"

அறுபத்தைந்து வயதில், யாருக்கும் பதில் சொல்லக் கடன்படாதவன் என்று எண்ணியிருந்தவன் நான். ஜெயசீலி தலையைக் குனிந்துகொண்டு சொட்டு எண்ணினார்.

"தவறாகப் பார்த்துவிட்டேன், அம்மா."

"இப்பவாச்சும் நல்லாப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். அறந்தாங்கியில் சந்தைக் கூட்டம். மூன்று நிமிடம் நின்றோம். கடைக்காரர்கள் தட்டுவண்டிகளை இழுத்து வழி செய்தார்கள். அதைத் தாண்டியதும் அழுத்தம் தொண்ணூறைத் தொட்டது. அப்போதுதான் ஜெயசீலியிடம் கேட்டேன்.

"உங்களைக் கேட்டால் ரிப்பனை எங்கே கட்டுவீர்கள்?"

"கட்டவே மாட்டேன் சார். கையில காப்பு, கயிறு, தாயத்து, வேண்டுதல்னு எல்லாம் இருக்கு. எங்க பக்கமும் வேளாங்கண்ணிக் கயிறு கட்டுறோம், தர்கா கயிறும் கட்டி வர்றாங்க. கைய சாமிக்கே விட்டுருங்க. நமக்குக் கழுத்து போதும். பெருசா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்ட அட்டையத் தொங்க விடலாம்."

"மழையில் நனையுமே."

"லேமினேட் பண்ணுனா மழை என்ன சார் செய்யும்?"

சான்றிதழ் பெற்ற வாதம் ஒரே கேள்வியில் முடிந்துபோயிற்று.

பிற்பகல் 1.02. புதுக்கோட்டை. முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்ததால் வாசலில் ரத்தத்தோடு ஆட்கள் காத்திருந்தார்கள். 1.20க்கு அறுவை அரங்கின் கதவு மூடியது. உள்ளே நின்று பழகிய எனக்கு வெளியே நிற்கும் நேரம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. 3.35க்கு, என் மகன் வயதுள்ள அறுவை மருத்துவர் வெளியே வந்தார். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள், ரத்தக் கசிவு நின்றுவிட்டது, இரண்டு நாள் கவனமாகப் பார்க்க வேண்டும், ஆனால் பிழைத்துக்கொள்வார். செல்லக்கண்ணு அவர் காலில் விழப் போனாள். அவர் பதறி விலகினார்.

பிற்பகல் 4.00. பர்வீன் அழைத்தார். நல்ல செய்தியைக் கேட்டு மகிழ்ந்த பின் குரலைத் தாழ்த்தினார்.

"சார், ட்ரில் லிஸ்ட்ல இருந்த இருபத்திநாலு பேருக்கும் ரிப்பன் சரியாத்தான் போச்சு. காளிமுத்து லிஸ்ட்லயே இல்ல. ஒங்க ரிப்போர்ட்டுக்கு அவர் வேண்டாமே. சைடு கேட்டுல கவனிக்காததுக்கு மாரிக்கண்ணுவுக்கு நாங்க தனியா ஒரு மெமோ குடுத்துக்கறோம். ஒங்க பேரு எங்கயும் வராது."

என்மேல் உள்ள மதிப்பால் சொன்னார், அதில் ஐயமில்லை. அவர் சொன்னபடி எழுதினால் ஒரு சொல் கூடப் பொய்யாகாது.

"மாரிக்கண்ணு என் கட்டளையை எழுத்துப் பிசகாமல் செய்தார், டாக்டர். அவருக்குப் பிறகு நானும் நின்று பார்த்துவிட்டு நடந்தேன். மெமோ யாருக்கும் வேண்டாம்" என்றேன்.

பிற்பகல் 4.10. ஆரோக்கியசாமி மரத்தடியில் காரை நிறுத்தியிருந்தார். பின்னிருக்கையில் அமர்ந்து அறிக்கைப் படிவத்தை விரித்தேன்.

"வீடு இந்தா இருக்கு சார், ரெண்டு கிலோமீட்டர். ஃபேனப் போட்டு ஒக்காந்து எழுதலாம்ல?"

"இங்கேயே எழுதுகிறேன்."

கீழ ராஜ வீதி வீட்டில் எனக்கு நல்ல மேசையும் நல்ல வெளிச்சமும் உண்டு. அந்த நாற்பது பக்கத்தையும் அங்கேதான் எழுதினேன், கடலிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே போய் அமர்ந்தால் இரவுக்குள் சொற்கள் மெருகேறிவிடும். காலைக்குள் 'சிறு திருத்தங்களுடன்' என்ற தொடர் எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும். என்னை நான் அறிவேன். ஆகவே வெயில் இறங்கும் அந்த மரத்தடியில் மூன்று பக்கம் எழுதினேன். காளிமுத்து வந்த நேரம், நான் கடந்த நேரம், ஓரத்துக் குறிப்பு, செவிலியர் ஜெயசீலி கண்டுபிடித்த நேரம் எல்லாவற்றையும் எழுதினேன். ஜெனரேட்டரும் ஆக்சிஜனும் மருந்துக் கிடங்கும் குறைவற்றவை என்றும் எழுதினேன். மணிக்கட்டில் ரிப்பன் கட்டுவது நீக்கப்பட வேண்டும். கழுத்தில் எண் அட்டை வேண்டும். பக்கவாட்டுக் கதவிலும் ஒரு செவிலியர் நிற்க வேண்டும். இந்த யோசனைகளில் அட்டை ஜெயசீலியுடையது. படிவத்தின் இறுதிக் கட்டத்தில் 'இப்போதுள்ள வடிவில் பரிந்துரைக்கவில்லை' என்று எழுதி, பட்டங்களுடன் என் முழுப் பெயரையும் இட்டேன்.

மாலை 5.25. சுகாதார அலுவலகம். நாற்பது பக்கத்தை வேறு யார் படித்திருக்கிறார்கள் என்று கேட்ட அதே அதிகாரி மூன்று பக்கத்தையும் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"சார், எழுதுனவரே வேண்டாம்னு எழுதுனா பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க? கடைசி வரிய மட்டும் கொஞ்சம் மாத்திக்கலாமே."

"மாற்ற வேண்டியது திட்டத்தில் இருக்கிறது. அறிக்கையில் இல்லை."

"ஒங்க பேரு போயிருமே சார்."

"வடகிழக்கு மழை வலுப்பதற்குள் இரண்டாவது ஒத்திகைக்கு எனக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அதே மருத்துவமனை, அதே செவிலியர்."

அவர் மேசை நாட்காட்டியைத் திருப்பினார். ஐப்பசி இரண்டாம் வாரத்தில் ஒரு வியாழனை வட்டமிட்டார். காயம்பட்டவர்களாக நடிப்பவர்களுக்கு முதல் நாள் பயிற்சி கொடுக்க ஆள் அனுப்பவா என்று கேட்டார்.

"நடிப்பவர்களுக்குக் கொடுங்கள்" என்றேன். "கூட வருகிற வீட்டாருக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். குட்டியானையில் வரட்டும், எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதில் நுழையட்டும், எந்தச் சாமிக்கு எதை முடிய வேண்டுமோ முடியட்டும். அத்தனைக்கும் நடுவில் என் திட்டம் நிற்கிறதா என்று பார்க்கிறேன்."

அவர் அதையும் கோப்பில் எழுதிக்கொண்டார்.